ஆம்பளைப் பூச்சி

போனுங்க சார். வெறும் போன்ல எடுத்ததுதான். இதா, இந்தப் போனு. மூலையில விரிசல் உட்டிருக்குது பாருங்க, அதுக்கும் படத்துக்கும் சம்பந்தம் கெடையாது. கண்காட்சிக்கு வர்றவங்க அத்தனை பேரும் மொதல்ல இதைத்தான் கேக்கறாங்க. காலையில ஒருத்தரு உங்களாட்டமே தோள்ல பெரிய பையோட வந்தாரு. போனுன்னு சொன்னதும் மூஞ்சி சுண்டிப் போச்சு. சரிங்கன்னுட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டாரு. அது மீன்கொத்தி. மீன்கொத்தின்னா யாருக்கும் சங்கடம் இல்லை.

போனுக்கு முன்னால இதை வெச்சுக்குவேனுங்க. பிக் கிளாஸும்பாங்க. மடக்கற பூதக்கண்ணாடிதான். துணி மேல வெச்சு ஒரு இஞ்சுக்கு எத்தனை இழைன்னு எண்ணறதுக்கு. இதை ரப்பர் பேண்டு போட்டு போனோட கட்டிருவேன். அவ்வளவுதான் என்ற லென்ஸு. ரப்பர் பேண்டை மட்டும் மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும்.

பனியன் கம்பெனியில செக்கிங்குங்க, இதே திருப்பூர்லதான். முப்பத்தோரு வருஷம். டேபிள் மேல டியூப் லைட்டு எரியும், பீஸு வந்துட்டே இருக்கும். எடுக்கணும், புரட்டணும், பாக்கணும். ஓட்டை, கறை, இழை உட்டது, தையல் கோணுனது, எல்லாத்துக்கும் எங்க கம்பெனியில ஒரே பேருதான், டேமேஜு. டேமேஜ் இருக்கற எடத்துல சின்னதா ஒரு செவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிப்போட்டு, வாய்விட்டுச் சொல்லணும். 'கழுத்துல ஓட்டை.' 'கையில கறை.' பக்கத்துல ஒருத்தி எழுதிக்குவா. பாத்தா உடனே சொல்லிரணும் சார், அதுதான் எங்க வேலையில மொதப் பாடம். பாத்துட்டுச் சொல்லாம உட்டா, அந்தப் பீஸு மடிச்சுப் பெட்டிக்குள்ள போயிரும். பெட்டி கப்பல்ல போயிரும். அப்புறம் எந்த ஊர்லயோ எவனோ போட்டுப் பாத்துட்டு நம்மளைத் திட்டுவான். நமக்குப் புரியாத பாஷையில திட்டுவான், அது வேற விஷயம்.

அதுங்களா? ஆறுதல் பரிசு. அதுக்குத்தான் ஓரத்துல அந்த ரிப்பன் குத்தியிருக்காங்க. நாலாவது எடம்னு சொல்லியிருக்கலாம், ஆறுதல்ங்கறாங்க. போன வருஷம் எங்க வீட்ல பதினாறு நாளு வந்தவங்க அத்தனை பேரும் ஆறுதல் சொல்லிட்டுப் போனாங்க. அப்ப யாரும் சர்ட்டிபிகேட் குடுக்கலை.

ஆமாங்க, தசர் பட்டுப்பூச்சி ஜாதி. கீழ அட்டையில போட்டிருக்குது. 'தசர் பட்டுப்பூச்சி, ஆண். படம்: சென்னியப்பன்.' இங்க ஒரு காலேஜ் புள்ள உக்காந்து அட்டை எழுதிட்டிருந்துச்சு. 'ஐயா, ஆண்னு போட்டே ஆகணுமா, பட்டுப்பூச்சின்னா பத்தாதா'ன்னுது. 'போடு கண்ணு, உள்ளதைப் போடறதுக்கு என்ன'ன்னேன்.

எப்படித் தெரியும்னா, கொம்பைப் பாருங்க. நான் பத்தாவது ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். பாதி வகுப்பு தூங்கும், வாத்தியாரே பாதி தூங்குவாரு. ஆனா 'உணர்கொம்பு'ன்னு அவரு போர்டுல எழுதுனது மட்டும் அப்படியே நிக்குது. இந்தப் பூச்சிக்கு அது நல்லாப் பெரணி எலையாட்டம் அகலமா இருக்குதுங்களா? அப்ப ஆம்பளை. பொம்பளைப் பூச்சிக்கு ஒல்லியா இருக்கும். பொண்ணு எங்க இருக்குதுன்னு ரொம்பத் தூரத்துலயே வாசம் புடிச்சு அது கண்டுபுடிச்சுருமாமா.

இல்லீங்க, யாரையும் தேடலை. வாசல்ல நெழல் தட்டுச்சு, பாத்தேன்.

இன்னிக்குக் கடைசி நாளுங்க. அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் கழட்டிருவாங்க. மூணு நாளா நான் இந்த எடத்துலயேதான் நிக்கறேன். படம் எடுத்தவங்க நிக்கணும்னு சட்டமெல்லாம் கெடையாது. மீன்கொத்திக்காரரு மொத நாளு வந்து செல்பி எடுத்துட்டுப் போனவருதான். எனக்கு வீட்ல வேலை இல்லை, அதனால நிக்கறேன்.

என்ற பொண்ணுக்குச் சொல்லியிருந்தேன். பூங்கோதை. ஒரே பொண்ணு. பல்லடத்துல குடுத்திருக்குது, பஸ் ஏறுனா முக்கா மணி நேரம். முந்தாநாள் பொழுதோட இந்தப் படத்தை வாட்ஸப்புல அனுப்பிச்சு, எடம், தேதி, நேரம் எல்லாம் போட்டேன். ரெண்டு நீலக் கோடு உழுந்துருச்சு. அப்ப பாத்துட்டா. பதிலு வரலை. பதினொரு மாசமாவே வர்றதில்லை, இதென்ன புதுசு? மாப்பிள்ளைதான் பேசுவாரு. 'மாமா, மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேக்கச் சொன்னா'ம்பாரு. 'சாப்பிட்டேன்னு சொல்லுங்க'ம்பேன். பக்கத்துலதான் நின்னுட்டிருப்பா. மூச்சு உடறது கேக்கும்.

எதுக்குன்னு கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. இந்தப் பூச்சி ஆம்பளைன்னு சொன்னதுக்குத்தான்.

நெசமாத்தானுங்க. எனக்குத் தெரிஞ்சு வேற ஒரு காரணமும் இல்லை.

நேரம் இருந்தா மொதல்லிருந்து சொல்றேன். இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, பேனு காத்து வரும்.

பூச்சிப் பழக்கம் எனக்கு நாலஞ்சு வருஷமாத்தான். ஒரு நாளு சோத்துக்கு உட்டிருந்தாங்க. செக்கிங் டேபிள் மேல ஒரு வண்டு. பச்சைக் கலரு, மினுமினுன்னு. கையில பிக் கிளாஸ் இருந்துச்சு, சும்மா வெச்சுப் பாத்தேன். சார், ஒரு டேமேஜ் இல்லீங்க. காலு, முதுகு, கண்ணு, எல்லாம் அளவெடுத்துத் தெச்சாப்பல சேந்திருக்குது. புரட்டிப் பாத்தேன். உள்பக்கமும் சுத்தம். அத்தனை வருஷத்துல டேமேஜ் இல்லாத பீஸை அன்னிக்குத்தான் பாத்தேன். அதுக்கப்புறம் உட முடியலை. ஞாயித்துக்கெழமையானா எங்காச்சும் வேலியோரமா குத்த வெச்சு உக்காந்துக்குவேன். போறவங்க வர்றவங்க, 'என்னங்க, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா'ம்பாங்க.

துளசிமணி, என்ற சம்சாரம், ஒண்ணும் சொல்ல மாட்டா. 'அவனவன் ஒயின் ஷாப்புக்குப் போறான், நீங்க வேலிக்குப் போறீங்க. போங்க'ம்பா. அவளையும் ஒருக்கா எடுக்கலாம்னு போனைத் திருப்புனா, சீலைத் தலைப்பை இழுத்து மூஞ்சியை மூடிக்குவா. 'இந்த மூஞ்சிய எடுத்து என்ன பண்ணப் போறீங்க? போயி பூச்சிய எடுங்க'ம்பா. செரின்னு நானும் பூச்சிய எடுத்தேன். சொன்ன பேச்சைக் கேக்கற ஆளு நான்.

அவளுக்குத் தொண்டையில வந்துச்சுங்க. கடைசி ரெண்டு மாசம் மூக்கு வழியாக் குழாய். கஞ்சித் தண்ணி, மோரு, எளநீ, எல்லாத்தையும் ரெண்டு தடவை துணியில வடிகட்டி ஊத்தணும். நாந்தான் ஊத்துவேன். கம்பெனியில லீவு சொல்லிப்போட்டேன். துணி நான் பாத்து எடுத்தது, இழை நெருக்கமா இருக்கும், ஒரு நாளும் குழாய் அடைச்சது கெடையாது. நர்ஸம்மாவே சொன்னாங்க, 'உங்களை மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்க'ன்னு.

பேச்சு நின்னு போயிருந்துச்சு. ஒரு ஸ்லேட்டு வாங்கிக் குடுத்தேன். தெனமும் ஒண்ணையேதான் எழுதுவா. 'காபி'. நான் பல்பத்தை வாங்கி 'ஆகாது'ன்னு கீழ எழுதிக் காட்டுவேன். அவளுக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு. வாயில சொன்னாப் போதும். நான் எதுக்கு எழுதிக் காட்டுனேன்னு இப்ப யோசிச்சாலும் தெரியிலீங்க.

கோதை வந்திருந்தப்ப, 'ஒரு சொட்டு நாக்குல வைங்கப்பா. ருசி தெரிஞ்சாப் போதும், முழுங்க வேண்டாம்'ன்னா. டாக்டர் ஒரு சொட்டுன்னு சொல்லலை, ஆகாதுன்னு சொல்லியிருந்தாரு. அதைச் சொன்னேன். 'செரிங்கப்பா'ன்னு போயிட்டா. அவ எப்பவும் சொன்னாக் கேட்டுக்கற புள்ள.

அப்புறம் ஆவணி மாசம் துளசி போயிட்டா.

அழுகை வரலீங்க. பொய் சொல்றதுக்கு என்ன இருக்குது. செக்கிங்ல கண்ணு கலங்குனா பீஸு தெரியாது. அந்தப் பழக்கமா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். பந்தல்ல உக்காந்துட்டு வர்றவங்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டேன். ஷாமியானாத் துணியில அஞ்சு எடத்துல ஓட்டை. ஒண்ணு மட்டும் பீடி சுட்டது, மத்ததெல்லாம் கம்பி கிழிச்சது. இப்பவும் எது எங்கன்னு சொல்லிருவேன். யாரு யாரு வந்தாங்கன்னு கேட்டீங்கன்னா தெரியாது.

மாட்டறதுக்கு ஒரு படம் வேணும்னாங்க. வீடு பூராத் தேடுனோம். கல்யாணப் படத்துல தலை குனிஞ்சிருக்கா, வகிடு மட்டுந்தான் தெரியும். கடைசியில ஆதார் கார்டுல இருக்கறதைக் குடுத்தோம். ஸ்டுடியோக்காரரு பெருசு பண்ணிக் குடுத்தாரு. யாரோ ஒரு பொம்பளையாட்டம் இருந்துச்சு. கோதை என்ற போனை வாங்கி மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாத்தா. நாலாயிரத்துச் சொச்சம் படம் இருக்கும். 'பூச்சிக்கு நாலாயிரம். அம்மாவுக்கு ஒண்ணுகூட இல்லையாப்பா?'ன்னா.

'உங்கம்மா அசைஞ்சுட்டே இருப்பா கண்ணு. பூச்சி அசையாது'ன்னேன்.

உள்ளதைத்தான சொன்னேன்? போனைக் குடுத்துட்டு உள்ள போயிட்டா.

செரி, விஷயத்துக்கு வர்றேன். பதினாறாம் நாளு காரியம். காலையில ஏழு மணி இருக்கும். படத்தை ஒரு நாற்காலி மேல சாச்சு வெச்சு மாலை போட்டிருந்தாங்க. கோதைதான் சந்தனத்தைக் கொழைச்சு, கண்ணாடி மேல நெத்தி இருக்கற எடமாப் பாத்து வெச்சு, அதுக்கு மேல குங்குமம் வெச்சா. சுமங்கலியாப் போனவளுக்கு வெக்கோணுமில்லீங்களா. வெச்ச வெரலைக் கொஞ்ச நேரம் எடுக்காம அப்படியே அழுத்திட்டு நின்னா. நான் பந்தல்ல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். அப்புறம் வீட்டுக்குள்ள இருந்தவங்க எல்லாரும் சமையக்கட்டுப் பக்கம் போயிட்டாங்க.

திரும்பி வந்து பாத்தா படத்து மேல இது. றெக்கையை விரிச்சுப் போட்டுட்டு, என்ற ரெண்டு உள்ளங்கையையும் சேத்து வெச்ச அகலம். எதுத்த வீட்ல பாதாம் மரம் இருக்குது, அதுல இருந்து வந்திருக்கும். ராத்திரி பந்தல் லைட்டுக்கு வந்து எங்கயோ மறைவுல ஒட்டிட்டு, விடிஞ்சு ஆளுங்க நடமாடவும் எடம் மாறி உக்காந்திருக்கும். அப்படித்தான் வரும்.

தங்காயம்மா, துளசியோட அக்கா, அவங்கதான் மொதல்ல பாத்தது. 'துளசீ, வந்துட்டியா சாமீ!'ன்னு ஒரே சத்தம். பந்தல்ல இருந்த சனம் பூராவும் உள்ள வந்துருச்சு. எங்க பக்கம் அப்படித்தானுங்க, காரிய வீட்டுக்குப் பூச்சி வந்தா போனவங்க வந்துட்டாங்கம்பாங்க. யாரும் ஓட்ட மாட்டாங்க. கோதை கூட்டத்தை வெலக்கிட்டு வந்து படத்துக்கு முன்னால மண்டி போட்டா. 'அம்மா'ன்னா. சத்தமாக்கூட இல்லை, பக்கத்து ரூம்ல இருக்கறவங்களைக் கூப்பிடற மாதிரி.

பூச்சி ஒருக்கா றெக்கையை மெதுவா அசைச்சுது. 'பாரு அம்மிணி, உன்னையப் பாத்து அசைக்கறா!'ன்னாங்க தங்காயம்மா. அவ்வளவுதான், எல்லாரும் அழுகை. அதுவரைக்கும் அழுகாத மாப்பிள்ளைகூட தூணைப் புடிச்சுட்டு நின்னாரு.

தங்காயம்மா ஓடிப் போயி ஒரு டம்ளர்ல காபி கொண்டாந்தாங்க. 'காபித்தண்ணி இல்லாம ஒரு பொழுது இருந்தவளா என்ற தங்கச்சி? நாக்கை நனைக்காமயே அனுப்பிப்போட்டமே!'ன்னு படத்துக்கு முன்னால வெச்சாங்க. கோதை அதை எடுத்து ஆத்துனா. வெரல் நுனியில ஒரு சொட்டுத் தொட்டு, பூச்சிகிட்டக் கொண்டு போறா.

அப்பத்தான் நான் சொன்னேன். 'அதுக்கு வாயே கெடையாது கண்ணு. குடிக்காது.'

தகவல்தானுங்க. இந்த ஜாதிக்கு வாயி கெடையாது. புழுவா இருக்கறப்பத் தின்னதுதான். பூச்சியான பின்னால ஏழெட்டு நாளைக்கு ஒண்ணும் எறங்காம இருந்து, அப்படியே போயிரும். சூடான காபி அது மேல பட்டு வெச்சுதுன்னா செதிலெல்லாம் போயிரும், பாவம். நல்லதுக்குத்தான் சொன்னேன். கோதை வெரலு அப்படியே நின்னுபோச்சு. என்னையத் திரும்பிப் பாத்தா. நல்லாப் பாத்தா. அதெல்லாம் ஒண்ணும் பெருசா எனக்குப் படலை. பிரச்சனை அதுக்கப்புறந்தான்.

'கொஞ்சம் தள்ளிக்கோங்க'ன்னுட்டு நான் போனை எடுத்தேன். பிக் கிளாஸைக் கட்டுனேன். இந்த மாதிரிப் பூச்சி நம்ம ஊருக்குள்ளார, அதும் பகல் வெளிச்சத்துல, கைக்கெட்டற எடத்துல உக்காராது சார். ரெண்டு இஞ்சு தூரத்துல மூச்சைப் புடிச்சுட்டு நின்னேன். பிக் கிளாஸுக்குப் பக்கத்துல போனாத்தான் தெரியும், மூச்சு உட்டா ஆடிரும். கொம்பு, காலு, றெக்கை, ஒவ்வொண்ணா வந்துச்சு. பின்னால ஒப்பாரி வெச்சுட்டிருந்தாங்களாமா. எனக்குக் கேக்கவே இல்லை. எம்பது தொண்ணூறு படம் எடுத்திருப்பேன். அந்த பதினாறு நாள்ல அந்தக் கொஞ்ச நேரந்தான் எனக்கு எதுவும் தோணாம இருந்துச்சு. இல்லை, தப்பு. பதினாறு நாளும் எதுவும் தோணலை. அந்தக் கொஞ்ச நேரம் அது சங்கடமா இல்லை, அப்படிச் சொல்லலாம்.

கொம்பு கண்ணுல பட்டுச்சு. பட்டதும் வாயில வந்துருச்சு. 'ஆம்பளை.'

சத்தமாவே சொல்லிப்போட்டேன். பக்கத்துல எழுதறவளுக்குச் சொல்ற மாதிரி.

அழுகை அப்படியே நின்னு போச்சு. 'என்னுங்க சொன்னீங்க?'ன்னாங்க தங்காயம்மா. 'ஆம்பளைப் பூச்சிங்க. கொம்பு அகலமா இருக்குது பாருங்க. துளசியா இருக்காது'ன்னேன். என்ற பெரியப்பன் மவன் ஒருத்தன் இருக்கறான், குசும்பு புடிச்சவன். பின்னால இருந்து, 'அப்ப உங்க மாமனாரு வந்திருப்பாரு, மவளை மாப்பிள்ளை செரியாப் பாத்துக்கிட்டாரான்னு விசாரிக்க'ன்னான். நாலு பேரு சிரிச்சுட்டாங்க. காரிய வீட்ல ஒருக்கா சிரிப்பு வந்துருச்சுன்னா அப்புறம் அழுகை ஒட்டாது சார். மூக்கைச் சிந்திட்டு ஒவ்வொருத்தரா எலை போடற பக்கம் போயிட்டாங்க.

கோதை மட்டும் மண்டி போட்ட எடத்துலயே இருந்தா. காபி ஆறிப் போயிருச்சு. எந்திரிச்சு அந்த டம்ளரைக் கொண்டு போயி வாசல்ல ஊத்திட்டு வந்து என்ற முன்னால நின்னா.

'எடுத்து முடிச்சுட்டீங்களாப்பா?'

'முடிச்சாச்சு கண்ணு. நல்லா வந்திருக்குது'ன்னேன்.

அதுதான் கடைசியாப் பேசுனது.

நீங்களே சொல்லுங்க சார், இதுல எங்க டேமேஜு? பூச்சி ஆம்பளை, ஆம்பளைன்னேன். பொம்பளைன்னு பொய் சொல்லியிருந்தா துளசி திரும்பி வந்திருப்பாளா? மாப்பிள்ளைகிட்டயே கேட்டேன். 'விடுங்க மாமா, அது ஆணா பொண்ணாங்கறதா இப்பப் பிரச்சனை'ன்னாரு. பின்ன வேற என்னங்க பிரச்சனை? அதைக் கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. நல்ல மனுசன், ஆனா வாயத் தொறக்க மாட்டாரு.

சித்திரையில ஒருக்கா அவங்க வீட்டுக்கே போனேன். ரெண்டு கொம்பையும் பக்கத்துப் பக்கத்துல போட்டு ஒரு தாள்ல பிரிண்டு எடுத்துட்டுப் போயிருந்தேன். இது ஆம்பளை, இது பொம்பளை. பாத்தாப் புரிஞ்சுக்குவான்னு. சோறு போட்டா, ரசம் ஊத்துனா, அப்பளம் ரெண்டு வெச்சா. பேச்சு இல்லை. நான் அந்தத் தாளை டேபிள் மேல வெச்சு, காத்துல பறக்காம அது மேல சொம்பை வெச்சுட்டு வந்தேன். பஸ்ல உக்காந்து பையைத் தொறந்தா, தாளு நாலா மடிச்சு உள்ளயே இருக்குது. கூட ஒரு டப்பாவுல எலுமிச்சங்காய் ஊறுகாய்.

ஊறுகாய் நல்லா இருந்துச்சுங்க. அவங்கம்மா கைப்பக்குவம்.

எந்தச் செவப்பு? ஓ, அதைப் பாத்துட்டீங்களா? உங்களுக்குச் செக்கிங் கண்ணுங்க.

கறைங்க அது. கேக்கறவங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன். இருங்க, விவரமாச் சொல்றேன். இந்தப் பூச்சிக்கு றெக்கைக்கு ஒண்ணா நாலு வட்டம் இருக்குதுங்களா? வட்டத்துக்கு நடுவுல செதில் கெடையாது. கண்ணாடித் தாளாட்டம் இருக்கும். பின்னால என்ன இருக்குதோ அது தெரியும். மூணு வட்டத்துல மங்கலா என்னமோ தெரியுது, இந்த ஒண்ணுல மட்டும் செவப்பு. வீட்ல படத்தைத் தள்ளிப் பாத்தப்ப எனக்கு அது ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரியே பட்டுச்சு. டேமேஜு. ஸ்டுடியோக்காரருகிட்டக் குடுத்து, 'இந்தக் கறையை எடுத்துருங்க'ன்னேன். சுத்தமா எடுத்துக் குடுத்தாரு. அதைத்தான் போட்டிக்கு அனுப்புனது.

இங்க நடத்தறவங்க கூப்பிட்டு, 'ஒட்டு வேலை பண்ணுன படம் ஆகாது, மொதல்ல எடுத்தது வேணும்'னுட்டாங்க. வேற வழி இல்லை, கறையோட அனுப்புனேன். பாத்தா பரிசே கறைக்குத்தானாமா. நடுவரா வந்த ஒரு அம்மா, 'அந்தச் செவப்பு இல்லைன்னா இது வெறும் பூச்சிங்க'ன்னாங்க. 'பின்னால என்ன வெச்சீங்க'ன்னாங்க. செவுருன்னேன்.

மொத நாளு இங்க மாட்டறப்பத்தான் சார் நான் செரியாப் பாத்தது. ரெண்டடிக்குப் பெருசு பண்ணிட்டாங்க. போன்ல கடுகாட்டம் இருந்தது இங்க காசளவு இருக்குது. கிட்டப் போனேன். நீங்களும் போங்க, இன்னும் கிட்ட. கோடு கோடாத் தெரியுதுங்களா? வளைஞ்சு வளைஞ்சு. இழைன்னு நெனச்சு ஒரு நிமிஷம் எண்ணக்கூட எண்ணுனேன். அது இழை இல்லைங்க. ரேகை. குங்குமம் வெச்ச வெரலு ரேகை. மோதிர வெரலு.

பூச்சி அவ நெத்தி மேலதான் உக்காந்திருக்குது. அவ பொட்டு அது. கோதை வெச்சது.

பாத்தேன். என்ன பண்றதுன்னு தெரியலை. வெளிய போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்தேன். மறுபடி பாத்தேன். அங்கயேதான் இருந்துச்சு.

துளசியோட மூஞ்சில நான் எடுத்ததுன்னு இருக்கறது அந்தக் காசளவுதான். அதையும் கறைன்னு எடுக்கச் சொன்னவன் நான்.

நடுவர் அம்மாகிட்டப் போயி செவுரு இல்லைங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன், அவங்க கார்ல ஏறிட்டாங்க. அன்னிக்குப் பொழுதோடதான் கோதைக்கு அனுப்புனேன். கறையோட இருக்கறதை. கூட என்ன எழுதறதுன்னு ரொம்ப நேரம் போனை வெச்சுட்டு உக்காந்திருந்தேன். 'கோதைக்கு'ன்னு எழுதுனேன், அழிச்சேன். எடம், தேதி, நேரம் மட்டும் போட்டேன். உள்ள என்ன இருக்குதுன்னு சொல்லலை. அவளுக்குப் படத்தைப் பெருசு பண்ணிப் பாக்கற பழக்கமெல்லாம் கெடையாது. வந்து நேர்ல பாத்தாத்தான் தெரியும். வந்தா காட்டலாம்னுதான் இந்த மூணு நாளும்...

இல்லீங்க, நிக்கறேன், சும்மாதான் நிக்கறேன். வீட்ல வேலை இல்லைன்னு சொன்னேனே.

மணி நாலே முக்கால். கழட்டறதுக்கு ஏணி கொண்டாந்துட்டாங்க பாருங்க. ஏனுங்க தம்பி, மொதல்ல அந்த மீன்கொத்தியக் கழட்டுங்க! இது கடைசியில கழட்டிக்கலாம். அஞ்சு மணின்னுதான போட்டிருக்குது, இன்னும் கால் மணி நேரம் இருக்குதல்லங்க?

என்ன கண்ணு? என்னையவா?

இந்தப் புள்ளதான் சார் அட்டை எழுதுனது. சொல்லு கண்ணு. பேரு கேட்டுகிட்டயா? யாரு? என்ன கலர் சீலை? கூட ஆரும் வரலையா, தனியாவா? உள்ள கூட்டியாறதுதான கண்ணு, வெயில்ல எதுக்கு நிக்க உட்டே? வர மாட்டேங்குதா?

என்னன்னு சொல்லுச்சு? 'அப்பாவை வரச் சொல்லுங்க'ன்னா? 'அப்பா'ன்னே சொல்லுச்சா? 'அவரை'ன்னு சொல்லலையே? நல்லா யோசிச்சுச் சொல்லு.

போன்ல இந்தப் படத்தைப் பாத்துட்டே அழுதுட்டிருக்குதா? எதுக்கு?

செரி. செரி கண்ணு.

அட்டையில ஆண்னு போட்டிருக்கறது யாரோ சொல்லித் தெரிஞ்சு போச்சாட்ட இருக்குது சார். திட்டறதுக்குத்தான் வந்திருக்கும். திட்டட்டுங்க. திட்டுனாலும் பேச்சுத்தான?

வர்றேனுங்க. இதா, போலாம் கண்ணு, நட.